'நம் வீடு' குழு: பெரியப்பாவின் மடிக்கணினி

பெரியப்பா, 7.12
செல்வா எழுந்துவிட்டாயா? நேற்று மாலைதான் மதர்போர்டு மாற்றி மடிக்கணினியை வாங்கிவந்தேன். இப்போது திறந்தால் நீலத்திரை வந்து நிற்கிறது. ரெக்கவரி கீ போடு என்கிறது, 48 இலக்கமாம். அப்பாவின் நாட்குறிப்பு முழுவதும் தட்டச்சு செய்து இதில்தான் வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

பெரியப்பா, 7.13
[படம்]

சித்தி, 7.20
ஐயோ இது வைரஸ். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள் என்று எனக்கு ஃபார்வர்ட் வந்தது. எதையும் அழுத்த வேண்டாம்

சேகர் மாமா, 7.24
புதிதாக வாங்குங்கள் அத்தான் என்று அன்றைக்கே சொன்னேன்

பெரியம்மா, 7.25
சேகர், காலையிலேயே ஆரம்பிக்காதே

செல்வா, 7.41
வைரஸ் இல்லை சித்தி, பணம் எதுவும் கேட்கவில்லை பாருங்கள். இதற்குப் பெயர் பிட்லாக்கர். டிஸ்கில் இருப்பதை எல்லாம் விண்டோஸ் பூட்டித்தான் வைத்திருக்கிறது, தினமும் அதைத் திறந்துவிட்டது டிபிஎம் என்கிற பகுதி, அது பழைய மதர்போர்டோடு போய்விட்டது. புது போர்டில் இருக்கும் டிபிஎம்முக்கு இந்த டிஸ்கைத் தெரியாது, அதனால்தான் 48 இலக்கம் கேட்கிறது. இதை யாரும் ஆன் செய்திருக்க வேண்டியதில்லை பெரியப்பா, மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்தால் பல மடிக்கணினிகளில் தானாகவே ஆன் ஆகிவிடும். நல்லவேளையாக அந்த 48 இலக்கமும் அதே கணக்கிலேயே சேமிப்பாகியிருக்கும். எந்த மெயில் ஐடி போட்டீர்கள்?

சேகர் மாமா, 7.43
ஃபார்மட் அடித்துவிட்டு விண்டோஸ் புதிதாகப் போட்டால் முடிந்தது

செல்வா, 7.43
வேண்டவே வேண்டாம் மாமா!! தாத்தாவின் நாட்குறிப்பும் சேர்ந்து போய்விடும். அந்தக் கீ தொலைந்தால் மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது

பெரியப்பா, 7.50
என் மெயில் ஐடி இல்லை.

செல்வா, 7.50
அப்புறம் யாருடையது?

பெரியம்மா, 7.58
வாங்கிய அன்று மலர்தான் எல்லாம் செய்து கொடுத்தாள்

சித்தி, 8.02
ம்

சேகர் மாமா, 8.03
மலர் இன்னும் இந்தக் குழுவில் இருக்கிறாளா?

பெரியம்மா, 8.03
இருக்கிறாள்.

சித்தி, 8.30
பெரிய ஏணி யார் வீட்டில் இருக்கிறது? மாடி விளக்கு போய் ஒரு வாரம் ஆகிறது

சேகர் மாமா, 8.31
என்னிடம் இல்லை

சித்தி, 8.31
போன வருடம் நீங்கள்தானே எடுத்துப்போனீர்கள்

மலர், 9.37
அந்தத் திரையில் கீ ஐடி என்று ஒன்று இருக்கும். அதன் முதல் 8 எழுத்து வேண்டும். என் கணக்கில் 2 கம்ப்யூட்டர் இருக்கின்றன, எதன் கீ என்று பொருத்திப் பார்க்க வேண்டும். படத்தில் வெளிச்சம் அடித்து ஒன்றும் தெரியவில்லை.

பெரியப்பா, 9.39
[படம்]

மலர், 9.46
கிடைத்துவிட்டது. அப்பாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், குழுவில் போட வேண்டாம். போர்டு மாற்றியதால் பின் நம்பர் வேலை செய்யாது, பாஸ்வேர்டு கேட்கும், அதையும் அனுப்பிவிட்டேன்.

பெரியம்மா, 9.46
சாப்பிட்டாயா மலர்

பெரியப்பா, 10.05
தவறு என்கிறது. போனில் எழுத்து பொடியாக இருந்ததால் தாளில் எழுதிவைத்துப் பார்த்துப் போட்டேன்.

செல்வா, 10.08
பெரியப்பா, 6 இலக்கமாக 8 தொகுதி இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும், அப்படித்தான் அந்தக் கீயை உருவாக்குகிறார்கள். ஒரே ஒரு இலக்கம் தப்பினாலும் வகுபடாது. எதில் தவறு என்று கண்டுபிடித்துவிடலாம்

சித்தி, 10.09
கணக்கு வாத்தியாரிடமே கணக்கா 😀

பெரியப்பா, 10.21
5ஆவது தொகுதியில் மீதி வந்தது. மலர் அனுப்பியதோடு ஒப்பிட்டேன், 1ஐ 7 என்று எழுதியிருக்கிறேன். திருத்திப் போட்டதும் திறந்துவிட்டது.

பெரியப்பா, 10.24
இருக்கிறது. கடைசிப் பக்கம் வரை இருக்கிறது.

பெரியம்மா, 10.24
🙏🙏

செல்வா, 10.25
முதலில் பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

பெரியப்பா, 10.48
எடுத்துவிட்டேன். இப்போது வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக ஒரு வாசகம் தெரிகிறது. நான் பணம் கொடுத்து வாங்கியதுதானே?

செல்வா, 11.02
அது வேறு பிரச்சினை பெரியப்பா, விண்டோஸின் உரிமத்தை உறுதிசெய்யச் சொல்கிறது, பயப்பட வேண்டாம். அந்த வாசகம் இருந்தாலும் தட்டச்சு செய்யலாம், கோப்பை அச்சகத்துக்கு அனுப்பலாம், வால்பேப்பர், நிறம் மாதிரி விஷயங்களைத்தான் மாற்ற விடாது. விண்டோஸ் தன் உரிமத்தைக் கம்ப்யூட்டரின் வன்பொருளோடு சேர்த்து அடையாளம் வைத்துக்கொள்கிறது. ராம் கூட்டினால் பொதுவாகக் கண்டுகொள்ளாது, மதர்போர்டை மாற்றினால் மட்டும் இது வேறு கம்ப்யூட்டர் என்று எடுத்துக்கொள்ளும். உங்களுடையது விண்டோஸோடு சேர்ந்தே வந்த மடிக்கணினி, ஓஇஎம் உரிமம் என்பார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இப்படி வருபவற்றில் 25 எழுத்து உரிமக் கீயை போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது போர்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளிலேயே, எழுதிவிடுகிறார்கள். போர்டு போனால் அதுவும் போச்சு. ஆக்டிவேஷன் பக்கத்தில் ஏதாவது எர்ரர் எண் இருக்கிறதா?

பெரியப்பா, 11.09
0எக்ஸ்சி004எஃப்211

செல்வா, 11.10
அதேதான். வன்பொருள் மாறியிருக்கிறது என்று அர்த்தம்

பெரியப்பா, 11.11
கடையில் போய்ப் பழைய போர்டைக் கேட்கட்டுமா?

செல்வா, 11.12
செத்த போர்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது பெரியப்பா

சேகர் மாமா, 11.15
இணையத்தில் கீ கொள்ளை மலிவு. நானே ஒன்று வாங்கித் தருகிறேன், 5 நிமிட வேலை

செல்வா, 11.19
மாமா, அப்படி விற்பதில் பல கீகள் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த வால்யூம் கீகள். இத்தனை முறைதான் என்று கணக்கு உண்டு, வெளியே விற்க அவர்களுக்கு உரிமையும் கிடையாது. என்றைக்கு முடக்குவார்கள் என்று சொல்ல முடியாது

சேகர் மாமா, 11.20
எனக்கு 3 வருடமாக ஓடுகிறது

பெரியம்மா, 11.20
நீ போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸும் ஓடியது, கம்ப்யூட்டர்தான் ஓடவில்லை

செல்வா, 11.26
2016இல் விண்டோஸ் 10க்கு வந்த 1607 அப்டேட்டிலிருந்து ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன், அதில் ட்ரபிள்ஷூட். கீழே 'ஐ சேஞ்ச்ட் ஹார்ட்வேர் ஆன் திஸ் டிவைஸ் ரீசன்ட்லி' என்று வரும். அதை அழுத்திக் கணக்கில் நுழைந்தால் பழைய கம்ப்யூட்டர்களின் பட்டியல் வரும், நம்முடையதைத் தேர்ந்தெடுத்து ஆக்டிவேட் கொடுக்க வேண்டும். ஆனால் ஓஇஎம் உரிமம் அந்த இயந்திரத்தோடு கட்டுப்பட்டது. பழுதான போர்டைத் தயாரித்த நிறுவனமே அதே மாதிரி போர்டாக மாற்றிக் கொடுத்தால் சிக்கலே இல்லை, வெளிக்கடையில் மாற்றியதால் ஏற்காமலும் போகலாம். ஏற்கவில்லை என்றால் தனியாக விற்கும் ரீடெய்ல் உரிமம் வாங்குவோம், அதை நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோகலாம்

சித்தி, 11.27
செல்வா இவ்வளவையும் எப்போதுதான் தட்டச்சு செய்கிறாய்

பெரியப்பா, 11.30
எந்தக் கணக்கில் நுழைய வேண்டும்?

செல்வா, 11.30
மலர் அக்கா கணக்கில்தான்

மலர், 11.52
என் போனுக்குச் சரிபார்ப்பு எண் வரும், நான் பக்கத்தில் இருந்தால் சுலபம். இங்கிருந்தே ரிமோட்டிலும் முடியும். ஆக்டிவேட் ஆனதும் அப்பா பெயரில் ஒரு கணக்கு போட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடலாம், அடுத்த தடவை யாரையும் தேட வேண்டியிருக்காது.

பெரியப்பா, 11.58
இப்போது எதற்கு மாற்ற வேண்டும்? உன் பெயரிலேயே இருக்கட்டும்.

மலர், 12.06
அந்த 48 இலக்கத்தையாவது ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வையுங்கள் அப்பா. 11ஆல் வகுத்துச் சரிபார்த்துவிட்டு.

பெரியம்மா, 12.07
ரிமோட் எதற்கு, ஞாயிற்றுக்கிழமை வந்தே செய்யேன்

மலர், 12.15
பார்க்கிறேன் அம்மா

சேகர் மாமா, 12.16
சரி, கீ வேண்டுமா வேண்டாமா?

செல்வா, 12.16
ஞாயிறு வரை பொறுங்கள் மாமா

சித்தி, 12.40
ஏணி?