பீர் காய்ச்சும் சாமான்: செய்வதா, வாங்குவதா? புதிதாக வந்தவர்களுக்கு

புது நாட்டுக்கு வந்து வீடு, பேங்க் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் ஒரு வழியாக முடிந்து, சனி ஞாயிறு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும்போதுதான் பலருக்கு இந்த ஆசை வருகிறது. கூட வேலை செய்பவர் யாராவது தானே காய்ச்சிய பீரை ஒரு பாட்டில் கொடுத்திருப்பார். அன்று ராத்திரியே வீடியோ பார்க்க உட்கார்ந்து, மூன்றாவது வீடியோவில் ஒருவர் பழைய ஸ்டீல் பீப்பாயின் மூடியை வெட்டி, அடியில் ஓட்டை போட்டுக் குழாய் மாட்டுவதைப் பார்த்ததும், நாமே செய்தால் பாதிச் செலவுதானே என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அந்தக் கணக்கில் விட்டுப்போவது இரண்டு. உங்களிடம் ஒரு ட்ரில் கூடக் கிடையாது. அடுத்த வருடம் இதே வீட்டில் இருப்பீர்களா என்றும் தெரியாது.

என் கட்சி இதுதான்: அளக்கிற சாமான், கிருமி சம்பந்தப்பட்ட சாமான், கரண்டில் ஓடுகிற சாமான், இவற்றை வாங்குங்கள். துணி, காப்பர் குழாய், வாளி, இவற்றோடு முடிகிற வேலையை மட்டும் நீங்களே செய்யுங்கள். சொந்த வீடும் கராஜும் உள்ளவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம், பரவாயில்லை, இது அவர்களுக்கு இல்லை.

சாமானுக்கு முன்னால் சட்டம். அமெரிக்காவில் 1979 முதல் மத்திய அரசுச் சட்டப்படி, சொந்தத் தேவைக்கு, வரியில்லாமல், ஒரே ஒரு பெரியவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும் அதற்கு மேல் பெரியவர்கள் இருந்தால் 200 கேலனும் பீர் காய்ச்சலாம். அலபாமாவும் மிசிசிப்பியும் மட்டும் 2013 வரை இழுத்தடித்தன. பிரிட்டனில் 1963இலேயே லைசென்ஸ் தொல்லை போய்விட்டது. சவூதி, குவைத் பக்கம் இருப்பவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடலாம், அங்கே இது ஜெயில் விவகாரம். அப்புறம் சாராயம் வடிப்பது. பீருக்கும் ஒயினுக்கும் அனுமதி தரும் பல நாடுகளில் கூட வீட்டில் வடிப்பது குற்றம் (நியூசிலாந்து விதிவிலக்கு). வடிகலனை ஆன்லைனில் தாராளமாக விற்கிறார்கள் என்பதால் அதற்கு அனுமதி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். விசாவில் இருக்கிறவருக்குப் போலீஸ் பதிவு என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பால்கனியில் கேஸ் சிலிண்டர் கூடாது என்று பல கட்டடங்களில் விதி இருக்கும்.

சரி, முதல் தடவைக்கு என்ன வேண்டும்? நீங்கள் நினைப்பதை விடக் குறைவு. மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) எக்ஸ்ட்ராக்ட் என்று பாகாகவோ பொடியாகவோ கிடைக்கிறது, தானியத்தை ஊறவைத்துச் சர்க்கரை இறக்கும் வேலையை அவர்களே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் ஆயிற்று. எல்லோரும் சொல்வது 19 அல்லது 23 லிட்டர் கணக்கு. நீங்கள் 8, 10 லிட்டரில் ஆரம்பியுங்கள். வீட்டில் இருக்கிற பெரிய பாத்திரமே போதும், தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் போட்டு அதை இறக்கிவைத்தாலே ஆறிவிடும், குளிரூட்டும் கருவி என்ற பேச்சே எழாது. பிடிக்கவில்லை என்றால் நட்டமும் சின்னது.

எதை வாங்கியே தீர வேண்டும் என்றால், முதலில் ஹைட்ரோமீட்டர். திரவத்தின் அடர்த்தியை, அதாவது அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைக் காட்டும், கண்ணாடிக் குழலில் மிதக்கும் சின்னச் சாமான்தான், ஆனால் பாட்டிலில் அடைக்கலாமா கூடாதா என்று நம்பகமாகச் சொல்ல வேறு ஆள் கிடையாது. ஈஸ்ட் போடும் முன் 1.050 காட்டியது, நொதித்து முடிந்ததும் 1.010 காட்டுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.040, அதை 131.25ஆல் பெருக்கினால் 5.25, அதுதான் ஆல்கஹால் சதவீதம். சதவீதத்தை விட முக்கியம், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்க்கும்போது எண் அசையாமல் நிற்கிறதா என்பது. ஏர்லாக்கில் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் சின்னக் குழாய்) குமிழி நின்றுவிட்டது, முடிந்துவிட்டது என்று நம்பி அடைப்பவர்கள்தான் நள்ளிரவில் கண்ணாடி வெடிக்கும் சத்தம் கேட்டு எழுந்திருப்பார்கள். மூடி சரியாகப் பொருந்தாமல் காற்று வெளியே கசிந்தாலும் குமிழி நின்றுதான் போகும். பாட்டிலில் நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம் அளவுதான், அதற்கு மேல் உள்ளே மிச்சமிருக்கும் ஒவ்வொரு கிராமும் அழுத்தம். முதல் சில தடவைக்குச் சோடா அடைத்து வரும் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். அவை அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டவை, கையால் அமுக்கிப் பார்த்தாலே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியும். மூடி அடிக்கும் கருவியும் அப்போதைக்கு வேண்டாம்.

போட்டபின் அலசாமல் விடக்கூடிய சானிடைசர் ஒன்று வாங்குங்கள், ஸ்டார் சான் மாதிரி. ப்ளீச் மலிவுதான், ஆனால் நன்றாக அலச வேண்டும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும். தெர்மாமீட்டர், ஏர்லாக், உறிஞ்சு குழாய் எல்லாம் சில்லறைச் செலவு, செய்து பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வாளி இரண்டுங்கெட்டான். மூடியில் ஓட்டை போட்டு ரப்பர் வளையம் சொருகினால் அதுவே ஃபெர்மென்டர், அதாவது நொதிக்கவைக்கும் பாத்திரம், செய்வது சுலபம். ஆனால் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருந்தால் அது எச்டிபிஈ பிளாஸ்டிக் என்றுதான் அர்த்தம், உணவுக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை. உணவுக்கானது என்று தனியாகக் குறித்திருக்க வேண்டும். அந்த மாதிரி வாளி தேடி, ஓட்டை போட ட்ரில் வாங்கி, வளையம் வாங்கி முடிக்கும்போது தயாராக விற்கிற வாளியை விடச் செலவு கூடிவிடும். இரவல் ட்ரில் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அடுத்த கட்டத்துக்குப் போனால், அதாவது எக்ஸ்ட்ராக்டை விட்டுத் தானியத்திலிருந்தே ஆரம்பித்தால், செய்யத் தகுந்த முதல் சாமான் பை. ஆஸ்திரேலியாக்காரர்கள் பிரபலமாக்கிய முறை இது. பாத்திரத்தில் துணிப்பையை விரித்து, அரைத்த மால்ட்டைக் கொட்டி, 65 முதல் 68 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, பையைத் தூக்கி வடித்துவிட வேண்டும். மூன்று பாத்திரம், பம்பு, ஸ்டாண்டு என்று வரைபடம் போடுகிறார்களே, அத்தனையையும் இந்த ஒரு பை ஓரங்கட்டிவிடுகிறது. ஜன்னல் திரைக்குப் போடும் பாலியெஸ்டர் வலைத்துணி, ஒரு தையல், போதும்.

இரண்டாவது, காப்பர் சுருள். கொதித்ததுக்குள் இதை இறக்கி, குழாய்த் தண்ணீரை உள்ளே ஓடவிட்டு ஆறவைப்பதற்கு. எட்டில் மூன்று அங்குல மென்மையான காப்பர் குழாய் ஒரு 10 மீட்டர் வாங்கி, பாத்திரத்தை விடச் சின்ன டப்பா ஒன்றைச் சுற்றி மெதுவாக வளைத்துக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டால் ஒரு இடத்தில் நசுங்கும், நசுங்கினால் தண்ணீர் ஓட்டம் குறையும், எனவே குழாய்க்கு மேல் மாட்டும் ஸ்பிரிங் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு வளையுங்கள். இரண்டு முனையிலும் ஹோஸ் மாட்டிக் கிளாம்பு இறுக்கினால் தீர்ந்தது, பற்றவைக்கும் வேலையே இல்லை. கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது உள்ளே இறக்கிவிட்டால் அதுவே கிருமி நீங்கிவிடும்.

இங்கேதான் வெளிநாட்டுக்காரருக்கே உரிய ஒரு சிக்கல். குழாய் மரை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கா, கனடாவில் என்பிடி, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் பிஎஸ்பி. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை, அதனால் திருகும்போது பொருந்துகிற மாதிரியே போகும். ஆனால் மரையின் கோணம் ஒன்று 60 டிகிரி, மற்றது 55. டேப் சுற்றினாலும் சொட்டலாம். வேறு நாட்டு வீடியோவைப் பார்த்து அவர்கள் சொன்ன பாகத்தை ஆன்லைனில் ஆர்டர் செய்யாதீர்கள், முதலில் உங்கள் சமையலறைக் குழாயின் வாயைக் கழற்றிப் பாருங்கள். இழுத்து நீட்டும் ஷவர் மாதிரிக் குழாய் என்றால் எதையும் மாட்ட முடியாது, சுருளே வேண்டாம். அதற்கும் வழி இருக்கிறது: கொதித்ததை அப்படியே சூடு தாங்கும் எச்டிபிஈ கேனில் ஊற்றி, காற்றில்லாமல் அமுக்கி மூடி, ஒரு ராத்திரி விட்டுவிடலாம். இதுவும் ஆஸ்திரேலியாவில் நிறையப் பேர் செய்வதுதான்.

கரண்டு விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் எலிமென்டைப் பாத்திரத்தில் ஓட்டை போட்டு மாட்டுவதெல்லாம் வாடகை வீட்டில் வேண்டவே வேண்டாம். ஈரமான தரை, கொதிக்கும் இனிப்புத் தண்ணீர், நீங்களே முறுக்கிய ஒயர், ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பைக்குப் பதில் தானியக் கூடையோடு சேர்ந்த எலக்ட்ரிக் பாத்திரங்கள், கிரெயின்ஃபாதர், ப்ரூஜில்லா மாதிரி, தயாராகவே வருகின்றன. ஆனால் வாங்கும் முன் ஒரு கணக்கு போடுங்கள். 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, வீணாவதைச் சேர்க்காமலேயே சுமார் 2.3 யூனிட் வேண்டும். பிரிட்டனில் ஒரு பிளக் 3,000 வாட் கொடுக்கும், முக்கால் மணி நேரம் போல ஆகும். வட அமெரிக்காவில் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 1,500 வாட்டே அதிகம், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும், சில நேரம் கொதி பொங்கவே பொங்காது. 230 வோல்ட்டுக்கு வாங்கியதை 120க்குக் கொண்டுபோனால் அது வெறும் பாத்திரம். இரண்டு வருடத்தில் நாடு மாறும் வாய்ப்பு உள்ளவர்கள் இதில் பெரிய பணம் போடாதீர்கள்.

வெளியில் வைத்து எரிக்கும் பெரிய கேஸ் பர்னரை வீட்டுக்குள் வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளை அடித்துவிடும். கண்ணாடி மேற்பரப்பு அடுப்பில் 30 கிலோவுக்குப் பெரிய பாத்திரம் ஏற்றினால் விரியலாம், அடுப்போடு வந்த கையேட்டில் எடை வரம்பைப் பாருங்கள், விரிந்தால் டெபாசிட்டில்தான் கைவைப்பார்கள்.

சூடு கட்டுப்படுத்துவதற்கும் இதே விதிதான். ஏல் வகைப் பீருக்கான ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி நல்லது, நொதிக்கும்போது அதுவே நாலைந்து டிகிரி கூட்டிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாமே ஒயர் இணைத்துப் பெட்டி கட்ட வேண்டிய எஸ்டிசி-1000 என்ற சூடு கன்ட்ரோலர் மலிவு, ஆனால் பிளக்கோடு தயாராக வரும் கன்ட்ரோலர் கொஞ்சம்தான் கூட. அதையும் ஒரு பழைய ஃபிரிட்ஜையும் வாங்கும் வரை, வாளியைத் தண்ணீர் டப்பில் நிற்கவைத்து, ஈரத் துண்டைச் சுற்றி, ஐஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாலே வேலை நடக்கும்.

பழைய சாமான் வாங்குவது பற்றி யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, என்னைக் கேட்டால் செய்வதா வாங்குவதா என்ற கேள்விக்கே பாதி விடை அதில் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் ஆரம்பித்து ஒரே வருடத்தில் விட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். பிளாஸ்டிக் வாளியில் உள்ளே கீறல் இருந்தால் வேண்டாம், கீறலில் கிருமி தங்கும். குழாயைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், உள்ளே காய்ந்த பழுப்பு இருக்கும், கழுவினால் போய்விடும். பெரிய கண்ணாடிக் குடுவையைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், நிரம்பியபின் ஈரக்கையிலிருந்து நழுவினால் கை நரம்பே போய்விடும். பீர் கம்பெனி பெயர் பொறித்த பீப்பாய் வந்தால் அதையும் விடுங்கள், டெபாசிட் கட்டியவருக்கு அது சொந்தமாகிவிடுவதில்லை. இப்படி வாங்கினதை நீங்கள் கிளம்பும்போது ஏறக்குறைய அதே விலைக்கு விற்கலாம். நீங்களே கட்டிய பம்பு ஸ்டாண்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

கட்டுவதே சுகம் என்றிருப்பவர்கள் தாராளமாகக் கட்டலாம், அது வேறு பொழுதுபோக்கு. துத்தநாகம் பூசிய பாத்திரத்தை மட்டும் தொடாதீர்கள், வோர்ட்டின், அதாவது ஈஸ்ட் போடும் முன்னுள்ள மால்ட் தண்ணீரின், புளிப்பு துத்தநாகத்தைக் கரைக்கும். சூடான திரவம் போகும் இடத்தில் சிலிக்கான் குழாய்தான், தோட்டத்து ஹோஸ் இல்லை. பற்றவைத்தால் ஈயமில்லாத சால்டர்.

கிளம்பும் நாள் வந்தால் ஸ்டீல் பாத்திரத்தையும் ஹைட்ரோமீட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபிரிட்ஜை விற்றுவிடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் தானியம் அரைக்கும் மெஷினையும் பையையும் பெட்டியில் வைக்கும் முன் தூசி ஒரு துளி இல்லாமல் தேய்த்துக் கழுவி, படிவத்திலும் மறக்காமல் எழுதுங்கள், தானிய மிச்சம் கண்ணில் பட்டால் ஏர்போர்ட்டில் அரை நாள் போய்விடும். கழுவ நேரமில்லை என்றால் பையைத் தூக்கிப்போட்டுவிட்டு அங்கே போய் வேறு தைத்துக்கொள்ளலாம்.