புதுப்பிப்பு: ஓவர்ஹெட் மைக்கும் மெலிந்த ஸ்நேரும்

போன வாரம் எழுதியிருந்தேனே, டிரம்ஸ் பதிவில் மேலிருந்து பிடிக்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்கையும் மோனோவில் (ஒரே சேனலாக) சேர்த்தால் ஸ்நேர் (சடசடவென ஒலிக்கும் டிரம்) தகரம் தட்டுவதுபோல் மெலிந்துவிடுகிறது என்று? தீர்ந்துவிட்டது.

சணல் கயிற்றின் நுனியை ஸ்நேரின் நடுவில் டேப் போட்டு ஒட்டி, இரண்டு மைக்குக்கும் இழுத்துப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிட 15 செ.மீ. தள்ளி இருந்தது! ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அந்த 15 செ.மீ.க்கு 0.44 மில்லிநொடி தாமதம். சேர்க்கும்போது 1,100 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மைக்கின் ஒலியும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும், ஸ்நேரின் சதையே போய்விடும்.

இப்போது ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளின் ஜான்ஸின் முறைப்படி ஒரு மைக் டிரம் கிட்டுக்கு மேலே, இன்னொன்று ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய டிரம்) பக்கம் ஸ்நேரைப் பார்த்தபடி. இரண்டும் ஸ்நேரிலிருந்து சரியாக 1 மீட்டர். ஈக்யூவை (ஒலியின் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தொடவே இல்லை, ஸ்நேர் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்புறம், ரைடு சிம்பல் (பெரிய உலோகத் தட்டு) மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. நாளைக்கு ஃப்ளோர் டாம் மைக்கைச் சற்றுத் தாழ்த்திப் பார்க்கிறேன்.