பச்சையவுருமணி கருவுக்கு அனுப்புற சேதி: விளங்கப்படுத்த உதவி வேணும்

வணக்கம். யாழ்ப்பாணத்தில உயர்தர உயிரியல் படிப்பிக்கிறன். கிணத்துத் தண்ணி உவராகி, வீட்டு மிளகாய்க் கண்டு வெளிறினதைப் பாத்த பிள்ளை ஒண்டு, "இலைக்குள்ள என்ன டீச்சர் நடக்குது?" எண்டு கேட்டா. அருமையான கேள்வி.

இலைக் கலத்துக்குள்ள வெளிச்சத்தால உணவு தயாரிக்கிற பச்சைப் பகுதிதான் பச்சையவுருமணி. அதுக்குச் சொந்தமா ஏறக்குறைய 120 பரம்பரையலகுகள் (மரபணுக்கள்)தான். அதுகளை எங்க இருந்து வாசிக்கத் தொடங்கிறது எண்டு காட்டுற சிக்மா காரணிகள் எண்ட புரதங்கள் கலத்தின்ர கருவில இருக்கிற பரம்பரையலகுகளில இருந்துதான் வருது. உப்போ கடும் வெளிச்சமோ தாக்கினால் அதுகளில ஒண்டான சிக்மா 5 கூடும். அது வெளிச்சத்தைப் பிடிக்கிற ஒளித்தொகுதி 2க்கு வேண்டிய டி2 புரதத்தின்ர பரம்பரையலகைத் தூண்டும். ஆய்வுகளுக்குப் பாவிக்கிற அரபிடொப்சிஸ் எண்ட சின்னச் செடியில கண்டறிஞ்சது இது.

மறுவழிதான் இடறுது. பச்சையவுருமணி கருவுக்குச் சேதி அனுப்பேக்க ஐதரசன் பரவொட்சைட்டு ஒரு தூது எண்டு சொல்லிப்போட்டன். இந்தச் சேதியில பங்கெடுக்கிற, பச்சையவுருமணிக்குள்ள இருக்கிற ஜியூஎன்1 (GUN1) புரதத்தின்ர பங்கை எப்பிடிப் பிள்ளையளுக்குச் சொல்லலாம்? தமிழில படமோ குறிப்போ இருந்தால் தந்துதவுங்கோ. வாற கிழமை வகுப்பு.