ஆபரேஷன் முடிந்து கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) தொடங்கும் வரை ஃபைல் எங்கே நிற்கிறது? (வாய்ப்புற்றுநோய் – அனுபவப் பகிர்வு)

வார்டு சிஸ்டர்:
தாடையெலும்போட சேர்த்து எடுத்த கேஸ். தையல் பிரிக்க வந்த ஐயாகிட்ட ஹெச்பிஇ (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் கேட்டா, சட்டைப் பையிலிருந்து லேப் நம்பர் எழுதின சீட்டை எடுத்து நீட்டுறார். அதுதான் ரிப்போர்ட்னு நினைச்சு நாலா மடிச்சுப் பத்திரமா வெச்சிருக்கார். லேபுக்குப் போன் போட்டா, "எலும்பு இன்னும் டீகால்ல கிடக்கு சிஸ்டர், அது முடிஞ்சாதான் கையெழுத்து" என்கிறாங்க.

டீகால்னா எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைக்கிறது; அது கரைஞ்சாத்தான் மெல்லிசா சீவி ஸ்லைடு போட முடியும். கெட்டித் தாடையெலும்புக்கு ஒரு வாரம், ரெண்டு வாரம்கூட ஆகும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா அதுக்குள்ள சதைப்பகுதி ஓரங்களும் கழுத்து நெறிக்கட்டிகளும் பார்த்து முடிஞ்சிருக்கும். கரண்ட் மட்டும் போதுமா, கூட கீமோவும் வேணுமா என்கிற முடிவுக்குப் பெரும்பாலும் தேவைப்படுறது அதுதான்: வெட்டின ஓரத்துல நோய் இருக்கா, நெறிக்கட்டியோட உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கா. அந்தப் பகுதியை முதல் ரிப்போர்ட்டா வாங்கி போர்டுல (டாக்டர்கள் கூடிச் சிகிச்சையை முடிவு செய்யுற கூட்டத்துல) வெச்சுடலாம். எலும்பு ஓரம் துணை ரிப்போர்ட்டா பின்னாடி வரட்டும்.

லீனாக் டெக்னீஷியன்:
சிஸ்டர் சொன்ன அந்த ரெண்டு வாரம், லீனாக்னு சொல்ற கரண்ட் மெஷினை ஓட்டுற எங்க பக்கம் எப்படி விடியுதுன்னு சொல்றேன். ஆபரேஷன் நாளிலிருந்து 6 வாரத்துக்குள்ள முதல் கரண்ட் விழணும். 42-ஆம் நாள்னு வெச்சுப் பின்னோக்கி எண்ணுங்க. சிடி எடுத்த பிறகு கரண்ட் போக வேண்டிய இடத்தை டாக்டர் வரைஞ்சு, பிசிசிஸ்ட் (டோஸ் கணக்குப் போடுறவர்) பிளான் போட்டு, மெஷின்ல சரிபார்க்க ஒரு வாரம் வேணும். அப்போ மாஸ்க்கும் (தலை அசையாம பிடிக்கிறது) சிமுலேஷனும் (அந்த மாஸ்க்கோட பிளானுக்குச் சிடி எடுக்கிறது) 5-ஆம் வாரத் தொடக்கத்துல முடியணும். அதுக்கு முன்னால போர்டு. எனக்குத் தெரிஞ்சு சிமுலேஷன் தேதியைப் பிடிச்சுட்டா மத்தது எல்லாம் தானா வரிசைக்கு வரும்.

மனசை உறுத்துற கேஸ் வேற. 60 கிரே (கதிர்வீச்சு டோஸ் அளவு), 30 நாள் பிளான்ல இருந்த ஒரு அம்மா. மூணாவது வாரம் மாஸ்க்கை மாட்டினா, தாடைக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல விரல் நுழையுது. மூக்குக் குழாயைச் சீக்கிரம் எடுத்துட்டாங்க, வாய்ப்புண்ணால கஞ்சிகூட இறங்கல. முகம் வத்திப் போச்சு. மாஸ்க் தளர்ந்தா தலை அசையும்; டோஸ் போகக்கூடாத இடத்துக்குப் போகும். புது மாஸ்க், புது சிடி, புது பிளான் எல்லாம் நடுவுலயே செய்ய வேண்டியதாச்சு. டயட்டீஷியன் முதல் நாளே பார்க்கணும், எடை வாராவாரம் அட்டையில ஏறணும்.

பல் டாக்டர்:
டெக்னீஷியன் சார், சிமுலேஷனைப் பிடிச்சா மத்தது தானா வரும் என்பதை ஏத்துக்க முடியல. அந்த நேரத்துல பல்லுக்கு அனுப்பினா காலம் கடந்துடுது.

கணக்கு இதோ. பல் பிடுங்கின குழி மூட குறைஞ்சது 10 முதல் 14 நாள், முடிஞ்சா 3 வாரம் விடணும். 5-ஆம் வாரம் என்கிட்ட வந்தா, கரண்ட் 7, 8-ஆம் வாரத்துக்குத் தள்ளிப்போகும். பிடுங்காம கரண்ட் வெச்சுட்டா, பின்னாடி அந்தப் பல்லைத் தொடும்போது எலும்பு ஆறாம செத்துப்போகிற ஆபத்து ஆயுசுக்கும் இருக்கு. கீழ்த்தாடையிலதான் அது அதிகம்.

அப்படி வந்த ஒருத்தருக்கு வாய் ஒரு விரல் அளவுதான் திறக்குது. கடைசிக் கடைவாய்ப்பல்ல சீழ். அந்த இடுக்குக்குள்ள எந்த ஃபோர்செப்ஸ் போகும்? ஆபரேஷனுக்கு முன்னாடியே ஓபிஜி (முழுத் தாடை) எக்ஸ்ரே எடுத்து எங்களுக்குக் காட்டியிருந்தா, அதே மயக்கத்துல அந்தப் பல்லையும் எடுத்திருக்கலாம். நோயாளிக்கு ஒரு வலி மிச்சம், வரிசையில ரெண்டு மூணு வாரம் மிச்சம். பல் விஷயம் ஆபரேஷனுக்கு முந்தின பக்கத்துல எழுதப்பட வேண்டியது.

கீமோ டே கேர்:
சிஸ்பிளாட்டின் (கீமோ மருந்து) நாள். மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி, கிரியாட்டினின் (கிட்னி வேலையைக் காட்டுற ரத்த அளவு) ஏன் ஏறியிருக்குன்னு கேட்டுக்கிட்டே மஞ்சப் பையைக் கொட்டினா, மூணு ஓபி சீட்டு, மூணு கவர் மாத்திரை. ரெண்டு கவர்ல டைக்ளோஃபெனாக். ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியல. சிஸ்பிளாட்டினே கிட்னியைப் பதம் பார்க்கிற மருந்து. அதோட இந்த வகை வலி மாத்திரையும் சேர்ந்தா என்ன ஆகும்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

யாரும் கேட்கல, இருந்தாலும் எழுதிடறேன். மேல எல்லாரும் தேதி சொல்லியிருக்கீங்க. அந்தத் தேதி தவறினா யாருக்கு முதல்ல தெரியும்? அதுக்கு யாராவது பொறுப்பா? ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே ஆள், ஒரே போன் நம்பர் வேணும். நர்ஸா இருக்கலாம், சமூகப் பணியாளரா இருக்கலாம். ஃபைலோட முதல் பக்கத்துல ஒரே ஒரு தாள்: ஆபரேஷன் தேதி, அதிலிருந்து 42-ஆம் நாள் தேதி சிவப்புல, நடுவுல ஒவ்வொரு படிக்கும் கெடு, பக்கத்துல பொறுப்பான ஆள். 14-ஆம் நாள் வரைக்கும் முதல் ரிப்போர்ட் வரலைன்னா அந்த ஆள் லேபுக்கு நேராப் போகணும், நோயாளியை அனுப்பக் கூடாது. காப்பீட்டு அப்ரூவல் ஆபரேஷனுக்குத் தனி, கரண்டுக்குத் தனி; போர்டு முடிவான அன்னைக்கே விண்ணப்பம் போகணும். சிஸ்பிளாட்டின் வருதுன்னா காது டெஸ்டும் கிட்னி டெஸ்டும் சிமுலேஷன் வாரத்துலயே முடியணும். வலி மாத்திரை யார் எழுதினாலும் அந்தத் தாள்லதான் எழுதணும்: பாரசிட்டமால், டிராமடால், தேவைப்பட்டா மார்ஃபின். இங்கிலாந்துல அவசரப் பரிந்துரையிலிருந்து முதல் சிகிச்சை வரைக்கும் 62 நாள்னு அரசாங்கமே கெடு வெச்சுக் கணக்கு எடுக்குது. கணக்கு எடுத்தாத்தான் ஃபைல் எந்த மேஜையில தூங்குதுன்னு தெரியும். கெடுவை எழுதாத மருத்துவமனையில எல்லாருமே "எங்க பக்கம் லேட் இல்ல"ன்னுதான் சொல்வாங்க, அது உண்மையாவும் இருக்கும்.

லீனாக் டெக்னீஷியன்:
பல் டாக்டர் சொன்னது நியாயம். ஓபிஜி முன்னாடியே வரணும், ஒத்துக்கறேன்.

தொடங்கின பிறகும் ஓட்டை இருக்கு. 9.30 ஸ்லாட் கொடுத்த ஒருத்தருக்கு ஊரிலிருந்து முதல் பஸ்ஸே 11 மணிக்குத்தான் இங்க வரும். ரெண்டு நாள் 'வரவில்லை'ன்னு பதிவாகியிருக்கு, ஆள் வெளியே பெஞ்சில உட்கார்ந்திருக்கார். தலை கழுத்து கேஸ்ல மொத்த நாள், பிளான் போட்டதைவிட ரெண்டு நாளுக்கு மேல நீளவே கூடாது, நீள நீள நோய் திரும்பற வாய்ப்பு கூடும். பொங்கல் லீவோ மெஷின் ரிப்பேரோ வந்தா சனிக்கிழமை வைக்கலாம், இல்லைன்னா ஒரே நாள்ல ரெண்டு வேளை, நடுவுல குறைஞ்சது 6 மணி நேரம் விட்டு. ஸ்லாட் கொடுக்கும்போதே பஸ் நேரத்தைக் கேட்டுடுங்க.

பதாலஜி பிஜி (திசு லேபில் மேற்படிப்பு டாக்டர்):
சிஸ்டர், ரிக்வெஸ்ட் ஃபார்ம்ல 'அவசரம்'னு மட்டும் எழுதினா எங்களுக்கு உதவாது, எல்லா ஃபார்ம்லயும் அது இருக்கு. "சதை ஓரம், நெறிக்கட்டி முதலில், எலும்பு துணை ரிப்போர்ட், போர்டு தேதி இது"ன்னு எழுதுங்க. கூடவே ஸ்பெசிமன்ல (வெட்டி எடுத்த பகுதியில) முன், பின் திசைக்கு நூல் கட்டி அனுப்பச் சொல்லுங்க. திசை தெரியாம ஓரம் பார்க்க முடியாது; சர்ஜனைத் தேடிப் பிடிக்கறதுலயே ஒரு நாள் போயிடுது.