நாட்மச் புதிய வசதிகள்: இரண்டு பேர் அலுவலகத்துக்கு இத்தனை தேவையா?

சாரம்_பிரியன் (புதுச்சேரி)

அலுவலகக் கணினியின் லினக்ஸ் இயங்குதளத்தை டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாற்றப்போகிறேன். கூடவே நாட்மச்சும் 0.31-இலிருந்து 0.37-க்குப் போகும். நடுவில் வந்திருக்கும் வசதிகளைப் பார்த்தால் எனக்கு ஆசையாக இருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

நாட்மச் தெரியாதவர்களுக்கு: 2009-இல் கார்ல் வொர்த் தொடங்கிய, டெர்மினலில் ஓடும் மின்னஞ்சல் தேடுகருவி. அஞ்சலைக் கொண்டுவராது, அனுப்பவும் செய்யாது. எம்பிசிங்க், ஆஃப்லைன்ஐமேப் மாதிரி ஒன்று அஞ்சலை இறக்கி மெயில்டிர் கோப்புறையில் (ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு) போட வேண்டும். அதை ஜேப்பியன் என்ற நூலகத்தின் உதவியோடு அட்டவணைப்படுத்தி, கேட்டதை நொடியில் தேடித் தரும். ஒவ்வோர் அஞ்சலுக்கும் எத்தனை டேக் (குறிச்சொல்) வேண்டுமானாலும் ஒட்டலாம்.

எங்கள் தொழில் பிரெஞ்சு–தமிழ் மொழிபெயர்ப்பு. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் சொத்துப் பத்திரங்கள். நானும் தங்கையும்தான். ஒரு குடும்பத்தின் வேலை மாதக்கணக்கில் இழுக்கும். அஞ்சல் மூன்று மொழியில் வரும். ‘பணம்-பாக்கி’, ‘முத்திரை-பாக்கி’, ‘கான்சலேட்டில்’ என்று டேக் வைத்து ஓட்டுகிறோம்.

நான் கண் வைத்திருப்பவை: அட்டவணையை ஓர் இடத்திலும் அஞ்சலை வேறோர் இடத்திலும் வைக்கும் வசதி (0.32), அடைப்புக்குறி நடையில் எழுதும் புதிய தேடல் மொழி (0.34), டேக்குகளை கிட் (நிரலர்கள் கோப்பு மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவி) மூலம் இரண்டு கணினிகளுக்கு இடையே பகிரும் நாட்மச்-கிட் (0.37). 0.38-இல் சில வகை இணைப்புகளை உரையாக அட்டவணைப்படுத்தும் வசதியும் உண்டு, ஆனால் டெபியன் 12-இல் அது வராது.

கெடிலக்கரை (கடலூர்)

வேண்டாம் என்பவன் வந்துவிட்டேன்.

நாட்மச் டேக் எங்கே இருக்கிறது? அஞ்சலிலும் இல்லை, சர்வரிலும் இல்லை. உங்கள் வட்டில் இருக்கும் ஜேப்பியன் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. படித்தது, நட்சத்திரம், பதில் அனுப்பியது என்ற நாலைந்து கொடிகள் மட்டும் மெயில்டிர் கோப்புப் பெயரோடு ஒத்துப்போகும். ‘முத்திரை-பாக்கி’ என்ற டேக் அந்த ஒரு கணினிக்கு மட்டும் சொந்தம். தரவுத்தளம் கெட்டால் அஞ்சல் தப்பிக்கும், நீங்கள் வருடக்கணக்கில் ஒட்டியதெல்லாம் போகும்.

முதலில் எடுத்த அந்த முடிவுக்குத்தான் இப்போது மேல் பூச்சு நடக்கிறது. டேக் பகிர முடியவில்லையா, கிட் சேர். தேடல் மொழி சிக்கலா, இன்னொரு மொழி சேர். தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலியில் ஒட்டும் டேக், ஐமேப் (சர்வரில் இருக்கும் அஞ்சலை அணுகும் முறை) கீவேர்டாக சர்வரிலேயே உட்காரும், சர்வர் அனுமதித்தால் அடுத்த கணினியிலும் தெரியும். இதற்கு கிட்டும் வேண்டாம், குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரானும் வேண்டாம்.

சாரம்_பிரியன்

கெடிலம் அண்ணா, தரவுத்தளம் கெட்டால் எல்லாம் போகும் என்பது பாதிதான் சரி. நாட்மச் டம்ப் என்று ஒரு கட்டளை முதலிலிருந்தே இருக்கிறது. ஒவ்வோர் அஞ்சலின் மெசேஜ்-ஐடியையும் (அஞ்சலின் தனி அடையாளம்) அதன் டேக்குகளையும் ஒரு வரிக்கு ஒன்றாகச் சாதாரண உரைக் கோப்பில் எழுதிக் கொடுக்கும். தினமும் இரவில் கிரான் அதை எடுத்துவைக்கிறது. புதுக் கணினியில் அஞ்சலை இறக்கி, அட்டவணை போட்டு, ரீஸ்டோர் கொடுத்தால் டேக்குகள் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். கோப்பு எந்தக் கோப்புறையில் இருந்தாலும் கவலை இல்லை, ஐடி ஒன்றானால் போதும்.

தண்டர்பேர்டில் இப்படி மொத்தமாக எடுத்து வைக்க என்ன வழி?

பெட்டிக்கடை404 (முத்தியால்பேட்டை)

ஜிமெயிலில் லேபிள் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே தோழர். தேடலும் நன்றாக இருக்கிறது. எதற்கு இந்தக் கருப்புத் திரை?

சாரம்_பிரியன்

ஜிமெயிலும் நாட்மச்சும் எதிரிகள் இல்லை. லியர் என்ற கருவி ஜிமெயில் லேபிளையும் நாட்மச் டேக்கையும் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வைக்கும். ஆனால் எங்கள் அஞ்சல் சொந்த டொமைனில், சிறிய ஹோஸ்டிங் ஒன்றில் இருக்கிறது. அங்கே வெப்மெயிலில் தேடினால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, நெட் இல்லாதபோது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்தில். அந்த நாட்களில் யார் வீட்டில் நெட் இருந்தது?

கெடிலக்கரை

கரண்ட்டே இல்லை. தானேவுக்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை, நீங்கள் மெயில் தேடுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். புயலை விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். டம்ப் இருக்கிறது என்றால் நாட்மச்-கிட் எதற்கு?

கருந்திரை (வில்லியனூர்)

இதற்கு நான் சொல்கிறேன், வேலையில் பயன்படுத்துகிறேன்.

டம்ப் என்பது ஒரு கணத்தின் நகல். இரண்டு பேர் இரண்டு கணினியில் தனித்தனியாக டேக் ஒட்டினால், ஒருவர் டம்ப்பை இன்னொருவர் ரீஸ்டோர் செய்யும்போது பிந்தியது முந்தியதை அழித்துவிடும். நாட்மச்-கிட் ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஒரு கோப்புறை, ஒவ்வொரு டேக்குக்கும் அதற்குள் ஒரு வெற்றுக் கோப்பு என்று கிட் களஞ்சியத்தில் வைக்கிறது. நீங்கள் ஒரு டேக் சேர்த்தீர்கள், தங்கை வேறொன்றை எடுத்தார் என்றால் இரண்டும் வெவ்வேறு கோப்பு, மோதல் கிடையாது. கமிட், புஷ், புல், மெர்ஜ் எல்லாம் கிட்டில் பழகிய அதே பெயர்கள்.

இது நேற்று முளைத்ததும் இல்லை. நாட்மச் ஆட்களே பேட்ச்களின் (நிரல் திருத்தங்களின்) நிலையைத் தங்களுக்குள் டேக் போட்டுப் பகிர என்எம்பக் என்ற பெயரில் வருடக்கணக்கில் ஓட்டினார்கள். அதைத்தான் 0.37-இல் எல்லோருக்கும் ஆகும்படி மாற்றினார்கள்.

எனக்குப் பிடித்தது அதன் பயந்த சுபாவம். ஒரே வீச்சில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அஞ்சல்களின் டேக் மாறப்போகிறது என்றால் செய்ய மறுக்கும், வற்புறுத்தினால்தான் நகரும். அந்த அளவை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். அட்டவணை பாதியில் இருக்கும்போது தெரியாமல் கமிட் கொடுத்து எல்லா டேக்கையும் துடைத்துவிடும் ஆபத்து இதில் குறைகிறது.

ஆனால் பிரியன், ஓர் எச்சரிக்கை. களஞ்சியத்தில் அஞ்சல் உரை போகாது, ஆனால் டேக் பெயர் போகும். வாடிக்கையாளர் குடும்பப் பெயரை டேக்காக வைத்திருந்தால் அதை வெளிச் சர்வரில் தள்ளாதீர்கள். அலுவலகத்திலேயே ஒரு பழைய கணினியில் வெற்றுக் களஞ்சியம் வைத்தால் போதும்.

கெடிலக்கரை

இரண்டு பேருக்கு ஒரு கிட் சர்வர். சரி, சந்தோஷம்.

போனில் டேக் தெரியுமா? ஒரே கேள்வி.

சாரம்_பிரியன்

தெரியாது. நட்சத்திரம் மட்டும் தெரியும், அதுவும் மெயில்டிர் கொடி ஒத்திசைவு இயக்கியிருந்தால். ‘இன்று முடிக்க வேண்டியது’ என்பதற்கு நட்சத்திரத்தை ஒதுக்கிவிட்டேன். மற்றதெல்லாம் மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலை.

தங்கச்சியே_தான்

அண்ணன் இழையைக் காட்டியதால் வந்தேன். மேசையில் உட்காருவது அண்ணன். நான் பாதி நாள் பதிவு அலுவலகத்திலும் கான்சலேட் வரிசையிலும் நிற்கிறேன். எனக்குப் போனில் வேண்டும்.

கிட் என்றால் எனக்குப் பயமில்லை, ரெண்டு கட்டளைதானே, ஸ்கிரிப்ட் போட்டுக் கொடுத்தால் அடித்துவிடுவேன். என் குறை வேறு. ‘பத்திரம்’ என்று தேடினால் ‘பத்திரத்தை’ என்று எழுதிய அஞ்சல் வருவதில்லை. இதை எந்தப் புதிய வசதி சரிசெய்கிறது?

எழுத்துரு_தாத்தா

இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான் அம்மா. பதில்: எதுவும் இல்லை.

ஜேப்பியன் ஒரு சொல்லை அட்டவணையில் போடும்போது வேர்ச்சொல் வடிவத்தையும் சேர்த்துப் போடும். நாட்மச் அதற்கு ஆங்கில விதிகளைத்தான் கொடுக்கிறது. அந்தத் தேர்வு நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, அமைப்புக் கோப்பில் மாற்ற வழியில்லை. ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை எதைத் தேடினாலும் இரண்டும் வரும். தமிழ் வேற்றுமை உருபு அதற்குத் தெரியாது. பிரெஞ்சுக்கும் இதே கதிதான். மேல்குறியோடு எழுதிய சொல்லைக் குறியில்லாமல் தேடினால் கிடைக்காது.

இப்போதைக்கு ஒரு வழி: சொல்லின் முன்பகுதியை எழுதி நட்சத்திரக் குறி போடுங்கள். யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் மெய்க்குப் பின்னால் தனி எழுத்தாக வருவதால் இது தமிழுக்கு நன்றாகவே வேலை செய்யும். ‘வீட*’ என்றால் வீடு, வீட்டில், வீட்டுக்கு மூன்றும் வரும். ‘கடலூர*’ என்றால் கடலூர், கடலூரில், கடலூரிலிருந்து எல்லாம் வரும். ‘பத்திர*’ போட்டால் பத்திரம், பத்திரத்தை இரண்டும் கிடைக்கும். கூடவே சொந்தக்காரர்கள் அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகளும் வரும். அதை ‘பத்திரி*’ கொடுத்து விலக்குங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் எழுதிய அஞ்சல்கள் வைத்திருக்கிறீர்களா? அவற்றில் பல, தலைப்பில் வேறு ஏதோ குறியாக்கம் என்று பொய் சொல்லிக்கொண்டு வந்தவை. அவை அட்டவணையில் குப்பையாகத்தான் நுழைந்திருக்கும். மாற்றி எழுதாமல் எந்தத் தேடலிலும் வராது.

கெடிலக்கரை

பார்த்தீர்களா? தமிழ் அஞ்சலைத் தேட வேண்டும் என்பதுதான் அடிப்படைத் தேவை. அது இல்லை, ஆனால் லிஸ்ப் நிரல்மொழி மாதிரி அடைப்புக்குறி வந்துவிட்டது. யாருக்காக இந்தப் புதுமை?

கருந்திரை

நாட்மச் எழுதுபவர்கள் தங்களுக்குத் தேவையானதை எழுதுகிறார்கள், அதில் தப்பு என்ன? நாம் யாராவது தமிழ்ப் பேட்ச் அனுப்பினோமா?

அடைப்புக்குறியை இளக்காரமாகப் பேசாதீர்கள். பழைய தேடல் மொழியில் ஒரு தேடலுக்குள் இன்னொரு தேடல் வைத்தால் ஷெல்லின் (கட்டளை அடிக்கும் இடத்தின்) மேற்கோள் ஒரு பக்கம், ஜேப்பியனின் மேற்கோள் ஒரு பக்கம் என்று இரண்டையும் சமாளிக்க வேண்டும். பிரியன் தினமும் கேட்பது என்ன? ‘பணம்-பாக்கி’ டேக் உள்ள ஏதாவது ஓர் அஞ்சல் இருக்கும் இழையில், படிக்காத புது அஞ்சல் வந்திருக்கிறதா என்று. புதிய நடையில் உள் தேடலை ஓர் அடைப்புக்குள் எழுதி இழை என்ற சொல்லைச் சுற்றிப் போட்டால் முடிந்தது, மொத்தத்துக்கும் ஒரே ஒரு ஒற்றை மேற்கோள். அதற்கு ஒரு பெயர் கொடுத்து, டேக் பெயரை மட்டும் மாற்றித் தருகிற மாதிரி மேக்ரோவாகவும் சேமிக்கலாம். ‘முத்திரை-பாக்கி’க்கும் அதே மேக்ரோ உதவும்.

ஒன்று கவனியுங்கள், இது எஸ்எஃப்எஸ்எக்ஸ்ப் நூலகத்தோடு கட்டிய நாட்மச்சில் மட்டும்தான் இருக்கும். நீங்களே மூலநிரலிலிருந்து கட்டினால் அதை மறக்காதீர்கள். பழைய மொழி அப்படியே இருக்கிறது, பிடிக்காதவர் தொட வேண்டியதில்லை.

பெட்டிக்கடை404

0.38-இல் இணைப்புக்குள் தேடலாம் என்றாரே, ஸ்கேன் செய்த பிடிஎஃப் எல்லாம் தேட முடியுமா? முடியுமென்றால் நானே மாறிவிடுவேன்.

கருந்திரை

முடியாது. அமைப்பில் நீங்கள் குறிப்பிடும் வகை இணைப்பை உரை என்று நம்பி அப்படியே படிக்கும், அவ்வளவுதான். பேட்ச் கோப்புக்கு ஆகும். பிடிஎஃப்பைப் பிரித்து எழுத்தை எடுக்கும் வேலை அதில் இல்லை. இணைப்பின் கோப்புப் பெயரை வைத்துத் தேடுவது முன்பே உண்டு, ஒழுங்காகப் பெயர் வைத்தால் அது போதும்.

கெடிலக்கரை

நான் இங்கே சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு மெயில் சர்வர் பார்க்கிறேன். எனக்கு முன் இருந்தவர் கெட்டிக்காரர். எல்லாம் ஸ்கிரிப்ட். அவர் வேலையை விட்டுப் போனதும் எந்த ஹூக் (ஏதாவது நடந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) எதை இயக்குகிறது என்று கண்டுபிடிப்பதே என் வேலையாகிவிட்டது. புது அஞ்சல் வந்ததும் ஓடும் போஸ்ட்-நியூ ஹூக்கில் நீங்கள் என்னென்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் பிரியன்? நீங்கள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் தங்கை அதைத் திறந்து படிப்பாரா?

வசதி நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை. எம்பிசிங்க், நாட்மச், ஹூக், கிட், அஞ்சலை அனுப்பும் எம்எஸ்எம்டிபி என்று ஐந்து துண்டை ஒரே ஆள் கோத்து வைத்திருக்கிறார். ஆறாவது துண்டு சேர்க்கும்போது இரண்டாவது ஆளின் நிலை என்ன?

தங்கச்சியே_தான்

ஹூக் கோப்பைப் பார்த்திருக்கிறேன். வரிக்கு ஒரு டேக் விதி, மேலே தமிழில் குறிப்பு. படிக்க முடிகிறது. தண்டர்பேர்டின் வடிகட்டிப் பட்டியலைவிட எனக்கு இது தெளிவு, ஒரே பக்கத்தில் எல்லாம் இருக்கிறது.

போன் விஷயத்தில் மட்டும் கெடிலம் அண்ணா பக்கம்.

சாரம்_பிரியன்

சரி, இப்படிச் செய்கிறேன். 0.37-க்குப் போகிறேன். அட்டவணை கணினியின் எஸ்எஸ்டியிலும் அஞ்சல் பெரிய வட்டிலும் இருக்கும். பழைய அமைப்பும் அப்படியே ஓடும் என்பதால் அவசரமில்லை. நாட்மச்-கிட் அலுவலகத்துக்குள் மட்டும். குடும்பப் பெயர் டேக்குகளை எல்லாம் கோப்பு எண்ணாக மாற்றிய பிறகுதான் தொடங்குவேன். இரவு டம்ப் தொடரும். போனுக்கு ‘முத்திரை-பாக்கி’ வந்தால் ஹூக் அந்த அஞ்சலின் நகலை ஒரு தனி ஐமேப் கோப்புறையில் போட்டால் என்ன என்று யோசிக்கிறேன். மெசேஜ்-ஐடி ஒன்றேதான் என்பதால் நாட்மச் இரண்டு கோப்பையும் ஒரே அஞ்சலாகத்தான் பார்க்கும்.

எழுத்துரு_தாத்தா

நகல் யோசனை நல்லது. டேக்கை எடுக்கும்போது நகலைக் கோப்புறையிலிருந்தும் எடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முடிந்த வேலை போனில் நிற்கும்.

கருந்திரை பேட்ச் பற்றிக் கேட்டார். பல மொழிகளுக்கு வேர்ச்சொல் விதிகள் எழுதும் ஸ்னோபால் திட்டத்தில் தமிழுக்கும் விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஜேப்பியன் எடுத்துக்கொள்வது அங்கிருந்துதான். நாட்மச் பக்கம் மொழியை அமைப்பிலிருந்து படிக்க வைப்பது சின்ன வேலை. ஒரே தரவுத்தளத்தில் மூன்று மொழி அஞ்சல் இருக்கும்போது எதற்கு எந்த விதி என்பதுதான் சிக்கல். விதியை மாற்றினால் எல்லா அஞ்சலையும் மறுபடி அட்டவணைப்படுத்தவும் (ரீஇண்டெக்ஸ்) வேண்டும்.

கருந்திரை

அஞ்சலில் எந்த எழுத்து அதிகம் என்று பார்த்து முடிவு செய்யலாமே. தமிழ் எழுத்துக்குத் தனித் தொகுதி இருக்கிறது, பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் பிரிப்பதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை நான் ஃப்ரீ, உட்காருவோமா?

கெடிலக்கரை

உட்காருங்கள். அதற்கு முன் பிரியன் ஒன்று செய்யட்டும். வெற்றுக் கணினி ஒன்றில், அந்த இரவு டம்ப்பை மட்டும் வைத்து, தங்கையைத் தனியாக ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. ‘பணம்-பாக்கி’ எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் இங்கே எழுதுங்கள், வராவிட்டாலும் எழுதுங்கள்.

தங்கச்சியே_தான்

சனிக்கிழமை செய்கிறேன். அண்ணனை வெளியே அனுப்பிவிடுகிறேன்.