இஷ்யூ டிராக்கரின் அடுத்த பதிப்பு: சப்-இஷ்யூ, சார்பு, தானியங்கி விதி – எதை முதலில் கட்டுவது?

கோப்புக்கட்டு (கேள்வி)

எங்கள் குழு எழுதிப் பராமரிக்கும் இஷ்யூ டிராக்கருக்கு (பிழைகளையும் வேலைகளையும் டிக்கெட்டாகப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்) அடுத்த பெரிய பதிப்பைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 15. சுமார் 2 லட்சம் டிக்கெட், 40 ப்ராஜெக்ட். இப்போது இருப்பவை அடிப்படை வசதிகள்தாம்: நிலை, பொறுப்பாளர், லேபிள், கமெண்ட், கோப்பு இணைப்பு. எதை மாற்றினாலும் டிக்கெட்டின் வரியே அப்டேட் ஆகிவிடும். "இன்னார் நிலையை மாற்றினார்" என்று வெறும் எழுத்தாக ஒரு கமெண்ட் விழும்.

சேர்க்க நினைப்பவை, நாங்கள் போட்டிருக்கும் வரிசையிலேயே: சப்-இஷ்யூ (ஒரு டிக்கெட்டுக்குக் கீழ் வரும் பிள்ளை டிக்கெட்), "இது முடிந்தால்தான் அது" என்ற சார்பு, ப்ராஜெக்டுக்கு ப்ராஜெக்ட் மாறும் கஸ்டம் ஃபீல்டு, இழுத்துப்போட்டு வரிசை மாற்றுவது, "இது நடந்தால் அதைச் செய்" என்ற தானியங்கி விதிகள், கடைசியாக, புதிதாகப் பதிபவருக்கு "இதே பிரச்சினை ஏற்கெனவே உள்ளது" என்று காட்டுவது.

இந்த வரிசை சரியா? சப்-இஷ்யூ எத்தனை அடுக்கு வரை விடலாம்? பிள்ளை டிக்கெட்டெல்லாம் மூடினால் தாய் டிக்கெட் தானாக மூட வேண்டுமா? கஸ்டம் ஃபீல்டுகளை எல்லாம் ஒரே ஜேசன்பி நெடுவரிசையில் (சாவி-மதிப்பு ஜோடிகளைச் சேர்த்து வைக்கும் போஸ்ட்கிரெஸ் வகை) போட்டால் பின்னால் மாட்டிக்கொள்வோமா?

---

சங்கிலிக்கணு

பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் முதலில் கட்ட வேண்டும்: மாற்ற வரலாறு. நீங்கள் எழுதிய ஆறு வசதியில் பாதி அதன்மேல்தான் நிற்கும். தானியங்கி விதிக்கு "எது, எதிலிருந்து எதுவாக மாறியது" தெரிய வேண்டும். சப்-இஷ்யூவின் முன்னேற்றக் கோடு, டூப்ளிகேட் இணைப்பைத் திரும்பப் பெறுவது, வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் வேறு மென்பொருளுக்குத் தானாகச் செய்தி அனுப்புவது) எல்லாம் அதே தகவலைக் கேட்கும். கமெண்டில் எழுத்தாகக் கிடக்கும் வாக்கியத்தை வைத்து எந்தக் கேள்விக்கும் நம்பகமான பதில் வராது.

வடிவம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பக்ஸில்லா என்ற இஷ்யூ டிராக்கரில் இதற்கென்றே ஒரு டேபிள் உண்டு: எந்த டிக்கெட், யார், எப்போது, எந்த ஃபீல்டு, நீங்கியது எது, சேர்ந்தது எது. ரெட்மைன் என்ற இன்னொரு டிராக்கர் இதையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு தடவை "சேமி" அழுத்தினால் ஒரு தலைவரி, அதன்கீழ் ஃபீல்டுக்கு ஒரு வரி, ஒவ்வொன்றிலும் பழைய மதிப்பும் புதிய மதிப்பும். நான் ரெட்மைன் முறையையே சொல்வேன். ஒரே சேமிப்பில் மூன்று ஃபீல்டு மாறினால் ஒரு மெயில் போதும், மூன்று வேண்டாம் என்பதைத் தலைவரி வைத்துத் தீர்மானிக்கலாம்.

இரண்டு கட்டுப்பாடு. வரலாற்று வரியை, டிக்கெட்டை மாற்றும் அதே ட்ரான்சாக்ஷனில் (சேமித்தால் எல்லாம் சேர்ந்து, இல்லாவிட்டால் எதுவுமில்லை என்ற தொகுப்பு) எழுதுங்கள். பின்னணியில் ஓடும் தனி ஜாபில் எழுதினால் ஜாப் விழுந்த அன்று வரலாற்றில் ஓட்டை. பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒன்றேயானால் வரியே எழுதாதீர்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், விதிகள் வரும்போது இதுதான் காப்பாற்றும்.

கூடவே டிக்கெட் வரியில் ஒரு வெர்ஷன் எண் சேர்த்துவிடுங்கள். இருவர் ஒரே நேரத்தில் திறந்து வைத்து, பின்னால் சேமிப்பவர் முன்னவர் எழுதியதை அழிப்பது இப்போதே உங்களிடம் நடந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாமல். ஏபிஐ (மற்ற நிரல்கள் டிராக்கரோடு பேசும் வழி) பக்கம் ஈடேக் ஹெடரில் வெர்ஷனைக் கொடுத்து, சேமிக்கும்போது இஃப்-மேட்ச் ஹெடரில் திரும்பி வருவது பொருந்தாவிட்டால் 412 என்ற பிழை எண்ணைத் திருப்புங்கள். ஆனால் ஒருவர் நிலையை மாற்ற, இன்னொருவர் லேபிள் சேர்த்ததற்கெல்லாம் 412 கொடுத்தால் பயனர்கள் வெறுத்துவிடுவார்கள். அவர் திறந்த வெர்ஷனுக்குப் பிறகு அதே ஃபீல்டு மாறியிருந்தால் மட்டும் நிறுத்துங்கள். அதைச் சொல்வதற்கும் வரலாற்று டேபிள்தான் வேண்டும். லேபிளை முழுப் பட்டியலாக அனுப்பும் ஏபிஐ இருந்தால் "இதைச் சேர், இதை நீக்கு" என்று மாற்றுங்கள். அந்த வகை மோதலில் பெரும்பகுதி அங்கேயே தீரும்.

---

மூன்றாம்_அடுக்கு

மேலே சொன்னதை ஒப்புக்கொண்டு சப்-இஷ்யூவுக்கும் சார்புக்கும் வருகிறேன்.

அடுக்கு: கிட்ஹப் 8 அடுக்கு, ஒரு தாய்க்கு 100 பிள்ளை என்று வரம்பு வைத்திருக்கிறது. நடைமுறையில் மூன்றுக்கு மேல் போனால் யாரும் மரத்தை விரித்துப் பார்ப்பதில்லை. வரம்பு 4 அல்லது 5 என்று தொடங்குங்கள். பின்னால் கூட்டுவது சுலபம். குறைக்க முடியாது, ஏற்கெனவே பதிந்தவர்களின் டேட்டா உடையும்.

சேமிப்பதற்குத் தாய் ஐடி நெடுவரிசை ஒன்றே போதும். ரெட்மைன் பயன்படுத்தும் நெஸ்டட் செட் முறையில் (மரத்தில் தன் இடத்தைக் காட்ட ஒவ்வொரு வரியும் இட எண், வல எண் என்று இரண்டை வைத்திருக்கும்) படிப்பது வேகம். ஆனால் ஒரு பிள்ளையைச் செருகினாலே அந்த மரத்தில் பல வரிகளின் இட எண், வல எண் மாறும். ஒரே மரத்தில் இருவர் வேலை செய்தால் லாக்குகள் ஒன்றுக்கொன்று காத்து டெட்லாக் வரலாம். 5 அடுக்கு மரத்துக்கு ரிகர்சிவ் க்வெரியே (பிள்ளை, அதன் பிள்ளை என்று தானே தொடர்ந்து செல்லும் தேடல்) தாராளம்.

தாய் தானாக மூடுவது: வேண்டாம். பிள்ளைகள் முடிந்த பிறகும் சோதனை, ஆவணம், வெளியீடு என்று தாயில் வேலை மிச்சமிருக்கும். "அனைத்தும் முடிந்தன, மூடலாமா?" என்று ஒரு பட்டை காட்டினால் போதும். எதிர்ப்பக்கம் கட்டாயம்: பிள்ளை திறந்திருக்கத் தாயை மூட முயன்றால் எச்சரிக்க வேண்டும். தாயின் முன்னுரிமை, தேதி ஆகியவற்றைப் பிள்ளைகளிலிருந்து கணக்கிடுவதா, தனியே வைப்பதா என்பதை ரெட்மைன் செட்டிங்காகவே விட்டிருக்கிறது. இரண்டு தேவையும் உண்மை. நீங்களும் அப்படியே விடுங்கள்.

இனி சார்பு. இங்கேதான் தவறுகள் அதிகம்.

"காத்திருக்கிறது" என்பதை ஒரு நிலையாகச் சேமிக்கவே கூடாது. தடுக்கும் டிக்கெட்டை மூடியதும் மற்றதன் நிலையை மாற்றிவிடலாம் என்று தோன்றும். மூடியதை யாராவது திரும்பத் திறந்தால்? தடுப்பவை இரண்டு இருந்து ஒன்று மட்டும் மூடினால்? திறந்த நிலையில் ஒரு தடுப்பாவது இருக்கிறதா என்று க்வெரியில் பார்த்துச் சின்னம் காட்டுங்கள். நிலை நிலையாகவே இருக்கட்டும்.

சுழற்சி பார்க்கும்போது சார்புக் கோடுகளை மட்டும் பார்த்தால் போதாது. தாய் மூடப் பிள்ளை மூட வேண்டும். அந்தப் பிள்ளை தாய்க்காகக் காத்திருக்கிறது என்று ஒருவர் இணைத்தால் இரண்டும் என்றைக்கும் மூடாது. இரண்டு வகைக் கோட்டையும் ஒரே ரிகர்சிவ் க்வெரியில் சேர்த்து நடந்து பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 14 முதல் ரிகர்சிவ் க்வெரியிலேயே சுழற்சியைப் பிடிக்கும் 'சைக்கிள்' பிரிவு இருக்கிறது. பாதையை அரேயில் சேர்த்துக் கையால் சோதிக்க வேண்டியதில்லை.

அதோடு முடியவில்லை. ஒருவர் 101, 102-க்காகக் காத்திருக்கிறது என்று இணைக்கிறார். அதே நொடியில் இன்னொருவர் 102, 101-க்காக என்று இணைக்கிறார். இரு ட்ரான்சாக்ஷனும் தனித்தனியே சோதித்துச் சுழற்சி இல்லை என்று கண்டு, இரண்டும் கமிட் ஆகும் (நிலையாகப் பதிந்துவிடும்). இணைப்பு சேர்க்கும் இடத்தில் மட்டும் ஒரு அட்வைசரி லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விட, நிரலே கேட்டு வாங்கும் பூட்டு) எடுங்கள். ப்ராஜெக்டுகளுக்கு இடையே சார்பு அனுமதித்தால் மொத்தத்துக்கும் ஒரே லாக். இணைப்புகள் நாளைக்குச் சில நூறுதான் சேரும், வேகம் குறையாது.

தடுக்கும் டிக்கெட் பார்வையாளருக்கு அனுமதியில்லாத ப்ராஜெக்டில் இருந்தால் தலைப்பைக் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் காட்டுங்கள்.

---

நெடுவரிசை

கஸ்டம் ஃபீல்டுக்கு ஜேசன்பி தவறில்லை. ஆனால் எங்கே வலிக்கும் என்று தெரிந்து இறங்குங்கள்.

ஜேசன்பிக்குப் போடும் ஜின் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) "இந்த மதிப்பு இருக்கிறதா" என்ற கேள்விக்குத்தான் உதவும். "இந்தத் தேதிக்கு முன்", "மதிப்பெண் 5-க்கு மேல்", "இதன்படி வரிசைப்படுத்து" என்றால் உதவாது. அதற்கு ஃபீல்டுக்கு ஒரு எக்ஸ்ப்ரஷன் இண்டெக்ஸ் (அந்த மதிப்பை மட்டும் பிரித்தெடுத்துப் போடுவது) வேண்டும். எண்ணுக்குப் பிரச்சினை இல்லை. தேதியாக மாற்றி இண்டெக்ஸ் போட முயன்றால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். எழுத்தைத் தேதியாக மாற்றுவது செஷனின் தேதி அமைப்பைப் பொறுத்தது என்பதால் அது இம்மியூட்டபிள் (எப்போதும் ஒரே விடை தருவது) அல்ல. ஆண்டு-மாதம்-நாள் என்ற நிலையான எழுத்து வடிவில் சேமித்து அந்த எழுத்தையே இண்டெக்ஸ் செய்யுங்கள். அகர வரிசையே கால வரிசையாகிவிடும்.

சாவியாக ஃபீல்டின் பெயரை வைக்காதீர்கள், ஐடியை வையுங்கள். பெயர் மாற்றாத ப்ராஜெக்ட் நிர்வாகி கிடையாது. தேர்வுப் பட்டியல் ஃபீல்டிலும் அதேதான்: தேர்வின் ஐடி. நீக்கிய தேர்வை "மறைத்தது" என்று வையுங்கள். அழித்தால் பழைய டிக்கெட்டும் வரலாறும் வெறும் எண்ணாக நிற்கும்.

எந்த ப்ராஜெக்டிலும் ஒரே பொருளில் வரும் இரண்டு மூன்று ஃபீல்டு – தீவிரம், கெடு தேதி போல – கஸ்டம் ஆக்காமல் நேரடி நெடுவரிசையாகவே வையுங்கள். அறிக்கை எல்லாம் அவற்றைத்தான் கேட்கும்.

இழுத்துப்போடும் வரிசை: முழு எண் வைத்தால் ஒன்றை நகர்த்த ஆயிரம் வரி மாறும். ஃப்ளோட் வகைத் தசம எண்ணில் நடுமதிப்பு எடுப்பது ஒரே இடைவெளியில் ஐம்பது தடவை செருகியதும் துல்லியம் தீர்ந்து இரண்டுக்கும் ஒரே எண் வரும். ஜிரா என்ற டிராக்கரின் லெக்ஸோரேங்க் முறை போல, இரண்டுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருகக்கூடிய எழுத்துச் சரமாக வையுங்கள். அந்த நெடுவரிசைக்குக் கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) 'சி' என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் டேட்டாபேஸ் மொழி விதிப்படி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாக அடுக்கும், பிரவுசர் பைட் வரிசையில் அடுக்கும், விட்ட கார்டு வேறிடத்தில் போய் உட்காரும். சரம் நீண்டுகொண்டே போகும் ப்ராஜெக்டுகளுக்கு இரவில் ஒரு மறுஅடுக்கு ஜாப் தேவை.

---

கோப்புக்கட்டு

வரலாறு டேபிள்தான் முதல் என்று திட்டத்தை மாற்றிவிட்டேன். தானியங்கி விதிகளில் முடிவில்லாத சுற்றைத் தடுப்பது எப்படி? வெப்ஹூக்கும் அதே வழியில் போகலாமா? டூப்ளிகேட் பரிந்துரைக்கு எம்பெடிங் (எழுத்தின் பொருளை எண் வரிசையாக, அதாவது வெக்டராக, மாற்றி ஒப்பிடுவது) வைக்கலாமா, சாதாரணத் தேடல் போதுமா?

---

சங்கிலிக்கணு

ஒரு விதி செய்த மாற்றம் இன்னொரு விதியைக் கிளப்பக் கூடாது என்பதை இயல்பான நிலையாக வையுங்கள். ஜிராவில் ஒவ்வொரு விதிக்கும் அதற்கென ஒரு டிக் பெட்டி உண்டு. விரும்பினால்தான் திறக்க வேண்டும். கிட்ஹப்பின் தானியங்கி வசதியான ஆக்ஷன்ஸும் தன் உள் டோக்கனால் நடந்த மாற்றங்களுக்குப் பொதுவாகப் புதிய வொர்க்ஃப்ளோவை ஓட்டுவதில்லை. திறந்துவிடுபவர்களுக்காக, ஒவ்வொரு வரலாற்றுத் தலைவரியிலும் "எந்த நிகழ்வால் நடந்தது", "எத்தனையாவது கண்ணி" என்று இரு ஃபீல்டு வையுங்கள். ஐந்தாவது கண்ணியில் நிறுத்தி, விதியை முடக்கி, எழுதியவருக்குத் தெரிவியுங்கள். சத்தமில்லாமல் நிறுத்துவது நிறுத்தாமல் விடுவதைவிட மோசம்.

விதி யார் பெயரில் ஓடுகிறது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். எழுதியவர் பெயரில் ஓடினால் அவர் வேறு குழுவுக்குப் போன அன்று அனுமதிப் பிழை. ப்ராஜெக்டுக்கு ஒரு தனி ரோபோ கணக்கு வைத்து, அதற்கு அந்த ப்ராஜெக்டுக்குள் மட்டும் அனுமதி கொடுங்கள். வரலாற்றிலும் "விதி எண் 12" என்று தெரிய வேண்டும்.

வெப்ஹூக்குக்கு வரலாற்று டேபிளையே அவுட்பாக்ஸாக (அனுப்ப வேண்டியவற்றின் பட்டியலாக) பயன்படுத்த நினைப்பீர்கள். "கடைசியாக அனுப்பிய ஐடிக்கு மேல் உள்ளவை" என்று எடுத்தால் சில நிகழ்வுகள் காணாமல் போகும். ஐடி 500 வாங்கிய ட்ரான்சாக்ஷன் இன்னும் முடியாதபோது 501 கமிட் ஆகிவிட்டால், நீங்கள் 501 வரை அனுப்பிவிட்டதாகக் குறித்துக்கொள்வீர்கள். பிறகு வரும் 500-ஐ யாரும் பார்க்க மாட்டார்கள். அனுப்ப வேண்டியதற்குத் தனி டேபிள் வைத்து, அதே ட்ரான்சாக்ஷனில் எழுதி, பின்னணியில் ஓடும் வொர்க்கர் 'ஸ்கிப் லாக்டு' (இன்னொருவர் பூட்டிய வரியைத் தாண்டிச் செல்வது) போட்டு எடுத்து, அனுப்பியதும் நீக்கட்டும். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் மாறாத ஐடி, செய்தியின் உடலுக்கு எச்மேக் கையெழுத்து (அனுப்பியது நீங்கள்தான் என்று ரகசியச் சாவியால் காட்டுவது), 10 நொடி டைம்அவுட், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும் மறுமுயற்சி. ஒரே நிகழ்வு இருமுறை போகலாம் என்று ஆவணத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்.

மெயில் வழியாகக் கமெண்ட் பெறுகிறீர்கள் என்றால் இன்னொரு சுற்று அங்கே இருக்கிறது: விடுப்பில் இருப்பவரின் தானியங்கிப் பதில். இணையத் தரநிலையான ஆர்எஃப்சி 3834 சொல்லும் 'ஆட்டோ-சப்மிட்டட்' ஹெடர் இருந்து அதன் மதிப்பு 'நோ' அல்லாமல் வேறெதுவானாலும் கமெண்டாக்காதீர்கள். நீங்கள் அனுப்பும் மெயிலிலும் அந்த ஹெடரை வையுங்கள்.

---

ஒற்றுமை_அளவு

டூப்ளிகேட்டுக்கு எளியதில் தொடங்குங்கள். தலைப்புக்கு ட்ரைகிராம் (மூன்று மூன்று எழுத்தாக வெட்டி ஒப்பிடுவது), உடலுக்கு ஃபுல்-டெக்ஸ்ட் (சொற்களை வைத்துத் தேடுவது), இரண்டின் தரவரிசையையும் கலந்து முதல் ஐந்து. தமிழில் பதிபவர்கள் இருந்தால் போஸ்ட்கிரெஸ் 12 முதலே தமிழ் ஸ்டெம்மர் (விகுதிகளை நீக்கிச் சொல்லின் அடியை எடுப்பது) உள்ளே வருகிறது. பிழைத் தடம் (பிழை நேர்ந்தபோது ஓடிக்கொண்டிருந்த ஃபங்ஷன்களின் பட்டியல்) ஒட்டப்பட்டிருந்தால் அதைத் தனியே பிரியுங்கள்: மெமரி முகவரி, வரி எண் நீக்கி, உங்கள் சொந்தக் கோடைச் சேர்ந்த மேல் நான்கைந்து ஃபிரேமை (தடத்தின் வரியை) மட்டும் ஹேஷ் செய்தால் (குறுகிய அடையாளமாகச் சுருக்கினால்), சொல் எதுவும் பொருந்தாத இரு டிக்கெட்டும் ஒன்றே என்று பிடிபடும். எம்பெடிங்கால் இந்த வேலையை இவ்வளவு உறுதியாகச் செய்ய முடியாது.

எம்பெடிங் பலன் தருவது "லாகின் ஆகவில்லை", "உள்ளே நுழைய முடியவில்லை" போன்ற இடங்களில். வெக்டரோடு மாடல் பெயரையும் பதிப்பையும் சேமியுங்கள். மாடல் மாறினால் பழைய வெக்டரோடு ஒப்பிடுவது அர்த்தமற்றது, அனைத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். வெக்டரைச் சேமித்துத் தேடும் போஸ்ட்கிரெஸ் நீட்சியான பிஜிவெக்டரில், தோராயமாக அருகிலுள்ளவற்றைத் தேடும் எச்என்எஸ்டபிள்யூ இண்டெக்ஸ் போட்டு ப்ராஜெக்ட் வடிகட்டியும் சேர்த்தால் முடிவுகள் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ வரலாம், ஏனென்றால் இண்டெக்ஸ் அருகிலுள்ளவற்றை எடுத்த பிறகுதான் வடிகட்டி ஓடுகிறது. 0.8 பதிப்பில் வந்த தொடர் ஸ்கேன் வசதியை இயக்கினால் போதுமான வரிகள் கிடைக்கும்வரை தேடும்.

பரிந்துரைப் பட்டியலில் அனுமதிச் சோதனையை மறக்காதீர்கள். மறைத்து வைத்த பாதுகாப்புக் குறைபாட்டின் தலைப்பு, யாரோ தட்டச்சு செய்யும்போது கீழே எட்டிப்பார்த்தால் அது கசிவுதான். ஒற்றுமை எவ்வளவு அதிகமானாலும் தானாக மூட வேண்டாம். ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம் இருப்பது சகஜம். இணைக்கும்போது கமெண்டுகளை நகர்த்தாமல் இணைப்பையும் பின்தொடர்பவர்களையும் மட்டும் கொண்டுபோங்கள், அப்போதுதான் தவறாக இணைத்ததைப் பிரிக்க முடியும்.

---

கோப்புக்கட்டு

ஒரே ஒரு கேள்வி. ஏற்கெனவே கமெண்டாகக் கிடக்கும் "நிலையை மாற்றினார்" வரிகளைப் புதிய வரலாற்று டேபிளுக்கு மாற்றலாமா?

---

சங்கிலிக்கணு

பிரித்தெடுத்து ஃபீல்டு, பழைய மதிப்பு, புதிய மதிப்பு என்று நிரப்ப முயலாதீர்கள். நிலைகளின் பெயர் இடையில் மாறியிருக்கும், வாக்கியத்தில் பழைய மதிப்பே இருக்காது. ஊகித்து நிரப்பியதையும் உண்மையாகப் பதிந்ததையும் பின்னால் யாராலும் பிரித்தறிய முடியாது. அந்தக் கமெண்டுகளைப் "பழைய குறிப்பு" என்ற தனி வகை நிகழ்வாக, எழுத்து மாறாமல், அதே நேர முத்திரையோடு நகர்த்துங்கள். மாற்றும் நாளில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அன்றைய எல்லா மதிப்பையும் கொண்ட ஒரு தொடக்க நிகழ்வு எழுதுங்கள். 2 லட்சம் வரிதான், பத்தாயிரம் பத்தாயிரமாகப் போட்டால் தளத்தை நிறுத்தாமலே முடியும். அந்த வரிகள் விதிகளையோ மெயிலையோ கிளப்பாதபடி முதலில் வொர்க்கரை அணைத்து வையுங்கள். "எத்தனை நாளில் மூடினோம்" வகை அறிக்கைகளுக்குத் தொடக்கத் தேதி அந்த நாள்தான் என்று திரையிலேயே எழுதிவிடுங்கள்.