டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பழுதைக் கண்டறிவது எப்படி?

வினா (அடையாறு)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1968-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார் ஒன்று இருக்கிறது. அண்மைக் காலமாக அதில் மூன்று தொல்லைகள் சேர்ந்தே தெரிகின்றன. வண்டி நின்ற நிலையில் நியூட்ரலில் ஓடும்போது அடியிலிருந்து கரகரவென்று இரைச்சல் வருகிறது. கிளட்ச்சை அழுத்தியதும் அது அடங்கிவிடுகிறது. நெரிசலில் நெடுநேரம் ஊர்ந்து இன்ஜின் நன்கு சூடான பிறகு, ரிவர்ஸ் போட்டால் பற்கள் உரசுகின்றன, முதல் கியரும் எளிதில் விழுவதில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், மூன்றாவது கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. பட்டறையில் உடனே கியர்பாக்ஸை இறக்கி முழுவதும் பிரித்துவிடலாம் என்கிறார்கள். உதிரிப் பாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால், எது தேய்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி (அம்பத்தூர்)

வணக்கம் ஐயா. இந்த மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இவற்றுள் ஒன்று கியர்பாக்ஸின் பழுதாகவே இல்லாமல் இருக்கலாம்.

முதலில் இரைச்சல். நியூட்ரலில் கிளட்ச் மிதிக்கப்படாத நிலையில், இன்ஜினிலிருந்து உள்வரும் ஷாஃப்ட்டும், அதனோடு பல் கோத்து, லேஷாஃப்ட் எனும் அசையாத துணைத் தண்டின்மேல் அமைந்த பல்சக்கரத் தொகுதியும் சுழன்றுகொண்டே இருக்கும். கிளட்ச்சை அழுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். ஆகவே, அப்போது அடங்கும் இரைச்சல் இவ்விரண்டின் பேரிங்குகளில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. (அழுத்தும்போது மட்டும் எழும் இரைச்சலாக இருந்தால், முதலில் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.) எந்தப் பேரிங் என்பதை ஓட்டிப் பார்த்துப் பிரித்தறியலாம். இந்தப் பெட்டியில் நான்காவது கியர் நேரடி இணைப்பு; அதில் லேஷாஃப்ட்டின் பல்சக்கரத் தொகுதி சுமையில்லாமல் சும்மா சுழலும். முதல் மூன்று கியர்களில் உறுமி, நான்காவதில் அடங்கினால் லேஷாஃப்ட்டின் ஊசி ரோலர்கள் தேய்ந்திருக்கின்றன என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். நான்காவதிலும் அதே அளவு தொடர்ந்தால் உள்வரும் ஷாஃப்ட்டின் பேரிங்கைப் பாருங்கள்.

அடுத்து, எண்ணெயை வடித்துப் பாருங்கள். இந்தப் பெட்டி கொள்ளுவது 0.85 லிட்டர்தான் என்பதால், சிறு கசிவுகூட வெகு விரைவில் பேரிங்குகளை உலர வைத்துவிடும். வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றி, காந்தத்தால் துழாவுங்கள். காந்தத்தில் ஒட்டும் எஃகுச் செதில்கள் பேரிங்கையோ பற்களையோ காட்டும். ஒட்டாத பொன்னிறத் துகள்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களிலிருந்து (கியர் விழுமுன் வேகங்களைச் சமப்படுத்துபவை) வந்தவை. மீண்டும் நிரப்பும்போது ஜி.எல்.-4 தரமுள்ள 90 எண் எண்ணெயையே கேட்டு வாங்குங்கள். ஜி.எல்.-5 வகையில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதல். பித்தளைப் பாகங்கள் உள்ள பழைய பெட்டிக்கு அது ஏற்றதல்ல.

மறுமொழி (தாம்பரம்)

ரிவர்ஸ் உரசுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பலரும் இதை வைத்துத்தான் நல்ல கியர்பாக்ஸைக்கூடப் பிரித்துவிடுகிறார்கள். மார்க் 3-இல் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ கிடையாது. எனவே அவை இரண்டும் ஒருசேர முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்றே முதலில் கொள்ள வேண்டும்.

உங்கள் வண்டியின் இரைச்சலே இதற்கு நல்ல சாட்சி. வண்டி சூடான பிறகு நியூட்ரலில் கிளட்ச்சை முழுவதும் அழுத்திச் சில நொடிகள் காத்திருங்கள். இரைச்சல் முற்றிலும் நின்றால் ஷாஃப்ட்டும் நின்றுவிட்டது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழ வேண்டும். இரைச்சல் மெலிதாகத் தொடர்ந்தால், கிளட்ச் இன்னும் ஷாஃப்ட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கிளட்ச் மிதியின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர், அதைப் பெற்றுக் கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஆகியவற்றின் ரப்பர்களையும், லீவரை இணைக்கும் பின் (ஆணி) தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிளட்ச் திரவம் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. கடற்கரையை ஒட்டிய அடையாறு போன்ற இடத்தில் அதை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விடக் கூடாது.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவரைக் கிளட்ச்சை மிதித்து விடச் சொல்லி, முன்புறமுள்ள கிராங்க் ஷாஃப்ட் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. இந்த இன்ஜினில் அவை அரைவட்டத் தகடுகள். மிகவும் தேய்ந்தால் இடம்விட்டுக் கீழே விழுந்துவிடும், அதன் பிறகு கிராங்க் ஷாஃப்ட்டும் இன்ஜின் பிளாக்கும் ஒன்றையொன்று அரைக்கத் தொடங்கிவிடும். புல்லி நகர்ந்தால், தயவுசெய்து வண்டியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி (புதுப்பேட்டை)

மூன்றாவது கியர் நழுவுவதற்கும் உடனே பெட்டியை இறக்க வேண்டியதில்லை. கியர்களை மாற்றும் செலக்டர் ஃபோர்க்குகளும், அவற்றின் ஷாஃப்ட்டுகளைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்குகளும் மேல் மூடியில்தான் இருக்கின்றன. காருக்குள் கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனல் கவரைக் கழற்றிவிட்டால் மூடியைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ ஃபோர்க்கின் முனை தேய்ந்திருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தாலும், காலை எடுக்கும்போது பெட்டி முழுவதும் அசைந்து கியர் நழுவக்கூடும். இவை நன்றாக இருந்தும் நழுவினால்தான் உள்ளே பற்களின் தேய்மானம்.

உதிரிப் பாகங்களைப் பற்றி ஒரு சொல். ஸ்பிட்ஃபயர், டிரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து உருவானது. கியர்பாக்ஸும் அதே குடும்பம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் சென்னையிலேயே ஹெரால்டைத் தயாரித்ததால், இங்குள்ள மூத்த மெக்கானிக்குகளுக்கு இந்தப் பெட்டி பழக்கமானது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலுள்ள உதிரிப் பாகக் கடைகளில் விசாரித்துவிட்டு இங்கிலாந்துக்கு எழுதலாம். ஆனால் பற்களை எண்ணி, பழையதோடு ஒப்பிடாமல் எந்தக் கியரையும் வாங்காதீர்கள்.

வினவியவரின் மறுமொழி (அடையாறு)

அனைவருக்கும் நன்றி. புல்லி சிறிதும் அசையவில்லை என்பது பெரிய ஆறுதல். வண்டி சூடானபோது கிளட்ச்சை அழுத்தியும் இரைச்சல் மெலிதாகத் தொடர்ந்தது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் திரவம் கசிந்திருக்கிறது. நான்காவது கியரில் உறுமல் இல்லை. காந்தத்தில் எஃகுச் செதில்கள் ஒட்டின. மூடியை இன்னும் திறக்கவில்லை. லேஷாஃப்ட்டை இங்கேயே கடைந்து வாங்கலாமா?

மறுமொழி (அம்பத்தூர்)

வாங்கலாம், ஆனால் வெறும் கடைசல் போதாது. ஊசி ரோலர்கள் அந்த ஷாஃப்ட்டின் மேற்பரப்பிலேயே நேரடியாக உருளுகின்றன. ஆகவே தகுந்த எஃகில் செய்து, மேற்பரப்பைக் கடினமாக்கி, பிறகு கிரைண்டிங் செய்ய வேண்டும். கடினமாக்காத ஷாஃப்ட் விரைவிலேயே பள்ளம் விழுந்துவிடும். இதைச் செய்து தரும் பட்டறை கிடைக்காவிட்டால் புதியதையே வரவழையுங்கள். ஸ்லேவ் சிலிண்டரை முதலில் சரிசெய்து ரிவர்ஸைச் சோதியுங்கள். அப்போதும் உரசினால், பெட்டி இறங்கும் நாளில் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில், உள்வரும் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள்.